மின்சாரக் காரின் பின் பிரேக் சத்தம்: எப்போது கேட்கிறது, எதைப் பார்ப்பது

மின்சாரக் காரின் பின் பிரேக்கில் சத்தம் என்று கராஜுக்குப் போனால் முதலில் கிடைக்கும் பதில், "பேட் முடிஞ்சிருக்கும், மாத்துவம்" என்பதுதான். பெற்றோல் காருக்கு அது பெரும்பாலும் சரியான ஊகம். மின்சாரக் காரில், அதுவும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மட்டக்களப்பில், சில்லைக் கழற்றிப் பார்த்தால் பேட், அதாவது டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி உரசும் கட்டை, இன்னும் தடிப்பாகவே இருக்கும். சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்தான் துருப்பிடித்துப் போயிருக்கும். தேய்ந்ததால் வரும் சத்தத்தைவிட, வேலை இல்லாமல் சும்மா கிடந்ததால் வரும் சத்தமே இங்கே அதிகம். இது தெரியாவிட்டால் நல்ல பேட்டை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவீர்கள். அடுத்த மாரிக்கு அதே சத்தம் திரும்பி வரும்.

ஏன் இப்படி என்றால், அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மெதுவாக மிதித்தாலோ வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மோட்டார்தான். அது ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதைத்தான் ரீஜென் என்கிறோம். பேட் டிஸ்க்கில் உரசுவது, சடாரென்று அழுத்தி மிதிக்கும்போதும் கார் நிற்கப்போகிற கடைசிச் சில மீற்றரிலும் மட்டும்தான். எந்தக் காரிலும் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும், அதனால் பின் பிரேக்குக்கு எப்போதுமே வேலை குறைவு. நிசான் லீஃப், எம்ஜி இசட்எஸ் ஈவி, பிவைடி அட்டோ 3 எல்லாம் முன்சில்லை ஓட்டும் கார்கள். மெதுவாக நிறுத்தும்போது முன்சில்லும் மோட்டாரும் சேர்ந்தே காரியத்தை முடித்துவிடும், பின் டிஸ்க் வேடிக்கை பார்க்கும். மோட்டார் பின்னால் இருக்கிற கார்களில் ரீஜென் பின்சில்லிலேயே நடப்பதால் அங்கே உள்ள டிஸ்க்குக்கு இன்னும் ஓய்வு.

வெளிநாட்டுக்காரர் எழுதுவதைப் படித்தால் பனிக்காலத்தில் வீதிக்குத் தூவுகிற உப்பைத்தான் குறை சொல்வார்கள். நமக்கு யாரும் தூவ வேண்டியதில்லை, காற்றே கொண்டுவந்து கொட்டுகிறது. கல்லடி, நாவலடி, காத்தான்குடி தொடங்கி கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை ஏ4 வீதி கரையை ஒட்டியே போகிறது. டிஸ்க் வார்ப்பிரும்பு, அதில் பூச்சும் இல்லை, எண்ணெயும் இல்லை.

முதலில் சத்தத்தைப் பிடியுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் கண்ணாடிகளை முழுக்க இறக்கி, ஏசியையும் ரேடியோவையும் நிறுத்திவிட்டு, நீளமான மதில் ஒன்றின் ஓரமாக 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். மதிலில் பட்டுத் திரும்பும் சத்தம், எந்தப் பக்கச் சில்லு என்பதைத் தெளிவாகக் காட்டும். அப்புறம் மதில் மறுபக்கம் வரும்படி திரும்பி வாருங்கள். பின் ஆசனத்தில் ஒருவரை இருத்தினால் இன்னும் நல்லது. ஓட்டுபவரின் காதுக்குப் பின்னால் வரும் சத்தம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்து வருவது போலத்தான் இருக்கும்.

அதோடு மூன்று கேள்விகளுக்குப் பதில் தேவை. பிரேக்கை மிதித்தால் சத்தம் வருகிறதா, நிற்கிறதா, மாறாமல் இருக்கிறதா? சில்லு சுற்றும் வேகத்தோடு சத்தமும் கூடிக் குறைகிறதா? காலையில் மட்டும்தானா, நாள் முழுவதுமா?

நான்காவது ஒன்றும் உண்டு, மின்சாரக் காருக்கு மட்டும் உரியது. பற்றரியை 100 சதவீதம் ஏற்றிவிட்டு உடனே ஓட்டும்போது சத்தம் கூடுகிறதா என்று கவனியுங்கள். நிரம்பிய பற்றரி மேலும் சக்தியை வாங்காது, அதனால் ரீஜென் குறைந்து பேட்டும் டிஸ்க்கும் கூடுதலாக உழைக்கும். பதுளையில் முழுதாகச் சார்ஜ் பண்ணிவிட்டு லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கி வருபவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். வீட்டில் இல்லாத சத்தம் அந்த இறக்கத்தில் கேட்கும். அப்படியானால் சத்தம் உரசும் பிரேக்கில்தான் இருக்கிறது, மோட்டாரிலோ கியரிலோ இல்லை என்று ஓரளவு உறுதி.

பெடலை மிதித்ததும் காரின் முன்பக்கத்தில் "உய்ங்" என்று சின்னதாகக் கேட்டால் அது மின்சார பிரேக் பூஸ்டர். மெதுவாக ஓடும்போதும் ரிவேர்ஸ் எடுக்கும்போதும் வருகிற முனகல், நடந்து போகிறவர்களை எச்சரிக்கக் கார் தானே போடும் சத்தம். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

காலையில் முதல் சில பிரேக்கில் மட்டும் "சர்ர்" என்று உரசல்

இது நோயே அல்ல. இரவு மழையிலோ பனியிலோ நின்ற காரின் டிஸ்க்கில், கழுவித் துடைக்காமல் வைத்த இரும்புத் தோசைக்கல்லில் படிவது போல மெல்லிய செம்மஞ்சள் துரு படியும். பேட் அதைச் சுரண்டி எடுக்கும்வரை சத்தம் இருக்கும். பெற்றோல் காரில் ஒழுங்கை முடிவதற்குள் அது போய்விடும். மின்சாரக் காரில் ரீஜென் குறுக்கே நிற்பதால் நகரைத் தாண்டும்வரை கேட்கலாம். டிஸ்க் பளபளப்பாகிவிட்டால் வேலை முடிந்தது.

நாலைந்து நாள் அப்படி ஓட்டிய பிறகும் டிஸ்க்கின் மேற்பரப்பில் கருஞ்சிவப்பு வளையமோ திட்டுத் திட்டாகக் கறையோ மிஞ்சியிருந்தால் கதை வேறு. பேட்டின் ஒரு பகுதி டிஸ்க்கைத் தொடவே இல்லை என்று அர்த்தம். பேட்டை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும் கவ்வியான கலிப்பர் இறுகியிருக்கலாம். கீழே வரும் பகுதியைப் பாருங்கள்.

மாலையில் காரைக் கழுவி உடனே கராஜுக்குள் விட்டுப் பூட்டுகிற பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. கழுவிய பிறகு ஒரு சுற்று ஓடி, சில தடவை நன்றாக அழுத்திப் பிரேக் பிடித்து, டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். காலைச் சத்தத்தில் பாதி இதோடு போய்விடும்.

பிரேக்கை மிதிக்காமலே சத்தம்

இதில்தான் அதிகமாகப் பிழை விடுகிறார்கள், ஏனென்றால் ஒரே சத்தத்துக்கு நாலைந்து காரணம் இருக்கலாம்.

கூரிய உலோகச் சத்தம் திடீரென்று, அதுவும் கிரவல் வீதியிலோ மணலிலோ ஓடிய பிறகு தொடங்கியதா? டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவில் ஒரு கல் மாட்டியிருக்கும். வெல்லாவெளிப் பக்கம் வயல் வீதிகளில் ஓடுபவர்களுக்கும் பாசிக்குடாவில் மணலுக்குள் காரை இறக்குபவர்களுக்கும் இது சகஜம். ஆளில்லாத இடத்தில் மெதுவாகப் பின்னுக்கு ஓட்டி இரண்டு மூன்று தரம் பிரேக் பிடியுங்கள்; பல நேரம் கல் தானாக விழுந்துவிடும். விழாவிட்டால் சில்லைக் கழற்றி, தகட்டை மெல்ல விலக்கி எடுக்கலாம். அந்தத் தகடே உப்பில் உக்கி, வளைந்து, டிஸ்க்கில் முட்டுவதும் உண்டு. கையால் நிமிர்த்திவிட முடியும். ஓட்டை விழுந்திருந்தால் மாற்றுவதுதான் வழி. தகட்டை வெட்டி எறிந்துவிட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு சேறும் தண்ணீரும் நேராக டிஸ்க்கில் அடிக்கும்.

மெல்லிய "கீ...ச்" ஒன்று ஓடும்போது கேட்டு, பிரேக்கை மிதித்ததும் நிற்கிறதென்றால் பேட்டில் இருக்கும் எச்சரிக்கைத் தகடாக இருக்கலாம். பேட் முடியும் தறுவாயில் டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். எல்லாப் பேட்டிலும் இது இருக்காது. பேட்டின் உரசும் பகுதி புதிதில் ஏறத்தாழ 10 மி.மீ. தடிப்பு, 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றுங்கள். உட்பக்கப் பேட்டையும் கட்டாயம் பாருங்கள். வெளிப்பக்கம் 8 மி.மீ. இருக்கும்போது உட்பக்கம் 2 மி.மீ.க்கு வந்துவிட்ட கார்கள் உண்டு. அப்படி இருந்தால் அது தேய்மானம் அல்ல, கலிப்பர் நோய்.

கலிப்பர் நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கலிப்பர் ஸ்லைட் பின் என்கிற இரண்டு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நழுவ வேண்டும். பிரேக் பிடித்தால் உள்ளே வந்து கவ்வ வேண்டும், விட்டால் தளர வேண்டும். அந்தக் கம்பிகளில் இருக்கும் கிறீஸ் காய்ந்தாலோ ரப்பர் உறை கிழிந்து உப்புத் தண்ணீர் போனாலோ கலிப்பர் இடத்திலேயே இறுகிவிடும். அதே போல, பேட்டின் இரு நுனிகளும் உட்கார்ந்து நழுவும் தகட்டு இருக்கைகளுக்குக் கீழே துரு பொங்கி, பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி வேலை செய்கிற முன் கலிப்பரில் இந்த அசைவே துருவைத் துடைத்துக்கொண்டிருக்கும். பின் கலிப்பருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கண்டுபிடிப்பது எளிது. பிரேக்கை முடிந்த மட்டும் குறைவாகப் பிடித்து 10 கி.மீ. ஓடிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு பின்சில்லுகளின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடக் கூடாது. ஒரு பக்கம் அனல் அடித்து மறுபக்கம் குளிர்ந்திருந்தால் அனல் அடிக்கும் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. தூரத்தில் இருந்து சூடு அளக்கும் கருவி இருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றிக் கருவி இதற்குச் சரிவராது, அது பெரும்பாலும் உடம்புச் சூட்டின் எல்லையோடு நின்றுவிடும். ஒரு சார்ஜில் ஓடும் தூரம் காரணமில்லாமல் குறைவதும், கருகிய மணமும், ஒரு பக்க ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகமாகப் படிவதும் இதே நோயின் அடையாளங்கள்தான்.

மருந்து, புதுப் பேட் அல்ல. கழற்றித் துடைத்து, சரியான கிறீஸ் போட்டுப் பூட்டுவது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

"சிக்... சிக்... சிக்" என்று சில்லு சுற்றுகிற தாளத்தில் வந்தால் டிஸ்க் நேராகச் சுற்றவில்லை, அல்லது ஒரே இடத்தில் துருத் திட்டு இருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற கார்களில் பேட் இருந்த இடத்தின் அச்சு அப்படியே டிஸ்க்கில் பதிந்திருக்கும். வெளிநாடு போய்விட்டுத் திரும்பிய வீட்டுக்காரர்களின் கார்களில் இதைக் காணலாம்.

நிற்கப் போகும் கடைசி நேரத்தில் "கீச்"

வேகம் மிகக் குறைந்ததும் ரீஜென் விலகி, பேட் பொறுப்பை ஏற்கிறது. அந்தக் கைமாறும் இடத்தில் வரும் கீச்சுதான் இது. கடுமையாக மிதித்தால் வராது, மெதுவாக நிறுத்தினால் வரும். சத்தம் கூர்மையாக இருக்கும், ஆனால் ஆபத்து குறைவு.

எப்போதும் மெதுவாகவே தொட்ட பேட்டின் முகம் கண்ணாடி போல மினுங்கிப் போயிருக்கும். அதுதான் அதிகமாகக் காணும் காரணம். பேட்டின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய அதிர்வுத் தகட்டை, முன்பு வேலை செய்தவர் திரும்பப் போடாமல் விட்டிருப்பதும் உண்டு. மலிவான பேட்டும் ஒரு காரணம்.

முதலில் செலவில்லாத வழி. போக்குவரத்து இல்லாத நேரான வீதி ஒன்றுக்குப் போங்கள். ஓட்டமாவடி தாண்டி, காயான்கேணிக்கும் வாகரைக்கும் இடையில் ஏ15 வீதி இதற்கு நல்லது. பகல் நேரத்தில் போங்கள், இரவில் அந்த வீதியில் மாடுகள் படுத்திருக்கும். பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 60 கி.மீ. வேகத்தில் கியரை என் (N, நியூட்ரல்) நிலைக்குத் தள்ளுங்கள். என்னில் பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு ரீஜென் இல்லை, எல்லா வேலையும் பேட்டுக்கே போகும். 15 கி.மீ. வரை திடமாகப் பிரேக் பிடித்து, மீண்டும் டியில் (D, டிரைவ்) போட்டு வேகம் எடுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம், சூடான பேட்டை ஒரே இடத்தில் அழுத்தி வைத்திருக்கக் கூடாது. எட்டுப் பத்துத் தரம் இப்படிச் செய்து, இடையில் ஒரு நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். கடைசியில் சில கி.மீ. பிரேக் தொடாமல் ஓடி வாருங்கள். துருவால் வந்த உரசலும் மினுக்கத்தால் வந்த கீச்சும் பெரும்பாலும் இதோடு அடங்கும்.

அடங்காவிட்டால் பேட்டைக் கழற்றி, தட்டையான பலகையில் சாண்ட் பேப்பர் வைத்து மினுக்கம் போகும்வரை தேய்க்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள், பிரேக் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். சத்தம் போகட்டும் என்று டிஸ்க்கில் டபிள்யூடி-40 அடிப்பதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும். சத்தம் போகும், பிரேக்கும் சேர்ந்து போகும். எண்ணெய் குடித்த பேட்டைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பிரேக் பிடித்தால் "கர கர" என்று அரைப்பது

காலைத் துருச் சத்தம் மணலை உரசுவது போல மென்மையாக இருக்கும். இது இரும்போடு இரும்பு. பெடலிலும் காலுக்கு அதிர்வு தெரியும். ஓட்டத்தை நிறுத்துங்கள், மெதுவாகவே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பேட் முழுதாகத் தேய்ந்து முதுகுத் தகடு டிஸ்க்கை அரைப்பது ஒரு காரணம். நம் கரையில் இன்னொன்றும் உண்டு. உரசும் பகுதிக்கும் இரும்பு முதுகுத் தகட்டுக்கும் நடுவில் துரு புகுந்து வளர்ந்து, உரசும் பகுதியைப் பாளமாகக் கிளப்பிவிடும். பேட் 7 மி.மீ. தடிப்பாக இருக்கும்போதே அது கழன்று விழலாம். ஆகவே "பேட் இன்னும் தடிப்பாத்தான் இருக்கு" என்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்துச் சொல்வது போதாது. இரண்டும் ஒட்டியிருக்கும் கோட்டில் வெடிப்போ துருப் பொங்கலோ இருக்கிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமோ பொருக்கோ இருந்தால் அளந்து பாருங்கள். ஆகக்குறைந்த தடிப்பு எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். லேத்தில் கடைந்து எடுக்கலாமே என்று கேட்பீர்கள். பல கார்களின் பின் டிஸ்க் உள்ளே காற்று இடைவெளி இல்லாத மெல்லிய ஒற்றைத் தட்டு, கடைவதற்கு அதில் இடம் அதிகம் இல்லை. என் எண்ணம், பொருக்கு ஆழமாக இருந்தால் இரண்டு பக்கமும் புது டிஸ்க்கும் புதுப் பேட்டும் போடுவதே மலிவு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

புறப்படும்போது "டப்" என்று ஒரு சத்தம்

மழையில் இரண்டு நாள் ஹேண்ட் பிரேக் போட்டு நின்ற கார், காலையில் புறப்படும்போது பின்பக்கத்தில் "டப்" என்று விடுபடும். பேட் டிஸ்க்கோடு துருவால் ஒட்டியிருந்து பிரிகிற சத்தம். ஒரு தரம் வந்தால் பரவாயில்லை. கார் அசையவே மறுத்தால் அக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக மாறி மாறி எடுத்துப் பாருங்கள். அப்படியும் விடாவிட்டால் உரசும் பகுதியே பிய்ந்து டிஸ்க்கில் ஒட்டி நிற்கக்கூடும், சில்லைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வீட்டு முற்றம் சமதரையாக இருந்தால், நாள்கணக்கில் நிறுத்தும்போது கியரைப் பியில் (P, பார்க்) விட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது நல்லது. பல புதிய கார்கள் அணைத்ததும் ஹேண்ட் பிரேக்கைத் தாமாகவே போட்டுக்கொள்ளும். அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது பின்னால் கேட்கும் "ஞ்ஞ்ங்" கலிப்பரில் இருக்கும் சின்ன மோட்டாரின் சத்தம், அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு நேரம் கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

முன்னுக்கு ஓடி ரிவேர்ஸ் எடுத்து முதல் பிரேக் பிடிக்கும்போது "டொக்" என்றால், பேட் தன் இருக்கையில் ஆடுகிறது. தகட்டுக் கிளிப் தளர்ந்திருக்கும் அல்லது போடாமலே விட்டிருப்பார்கள். கலிப்பரின் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான், ஆகவே அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

டிரம் பிரேக் கார்கள்

ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 போன்றவற்றுக்குப் பின்னால் டிஸ்க் இல்லை, உருளைக்குள்ளேயே உரசும் டிரம்தான். பழைய தொழில்நுட்பம் என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். மூடியே இருப்பதால் துரு குறைவு, எங்களைப் போன்ற கரையோர ஆட்களுக்கு அது நல்ல முடிவு. ஆனால் வெள்ளத்துக்குள் ஓடினால் சேறு உள்ளே போய் வெளியே வராது. உரசல் சத்தம் தொடர்ந்தால் டிரம்மைத் திறந்து துடைக்க வேண்டும்.

பிரேக் போலக் கேட்டு பிரேக் அல்லாதது

வேகத்தோடு கூடும் "ஹூம்ம்" சத்தம் பிரேக்கால் மாறாமல், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் சில்லு பெயாரிங். டயர் ஏறி இறங்கித் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் கேட்கும். தார் வீதியில் இருந்து கொங்கிரீட் வீதிக்கு ஏறியதும் சத்தத்தின் தன்மை மாறினால் டயரைச் சந்தேகியுங்கள்.

கழற்றித் துடைப்பது

பிரேக்கில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு, செய்கிறவரின் பக்கத்தில் நின்று பாருங்கள். பழக்கம் உள்ளவர்களுக்கும் மின்சாரக் காரில் சில புதிய விஷயங்கள் உண்டு.

ஜக்கை வைக்கும் இடம் முக்கியம். காரின் தரை முழுக்கப் பற்றரி. கையேட்டில் காட்டியிருக்கும் ஓரப் புள்ளிகளைத் தவிர வேறு எங்கும் தூக்கக் கூடாது. லீஃபே ஏறக்குறைய ஒன்றரைத் தொன், அட்டோ 3 அதைவிடக் கூட. ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள். முன்சில்லை ஓட்டும் காரில் பியில் விட்டாலே முன்சில்லு பூட்டிக்கொள்ளும், பின்சில்லைச் சுற்றிப் பார்க்கலாம். மோட்டார் பின்னால் உள்ள காரில் பி பூட்டுவது பின்சில்லையே. சுற்றிப் பார்க்க என்னில் போட வேண்டும், அப்போது முன்சில்லுக்கு இரு பக்கமும் கட்டை கட்டாயம். செம்மஞ்சள் நிற வயர் கண்ணில் பட்டால் அது உயர் மின்னழுத்தம், தொடாதீர்கள். பின் பிரேக் வேலைக்கு அதைத் தொடும் தேவையே வராது.

கலிப்பரில் மோட்டார் இருக்கும் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். சில கார்களில் திரையிலோ பட்டனிலோ செய்யலாம், மற்றவற்றுக்கு ஸ்கேனர் தேவை. அதைச் செய்யாமல் பேட்டைத் தள்ளும் பிஸ்டனை ஜி கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளே இருக்கும் திருகும் மோட்டாரும் பழுதாகும். பிறகு கலிப்பரையே மாற்ற வேண்டி வரும். சில மின்சார, ஹைபிரிட் கார்களில் கதவைத் திறந்தாலே பிரேக் அமைப்பு விழித்து அழுத்தம் ஏற்றும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், கலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் காருக்குள் ஏறவோ பெடலைத் தொடவோ கூடாது. பிள்ளைகள் நிற்கும் முற்றம் என்றால் சொல்லியே வையுங்கள்.

கலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் பாரம் ஏறக் கூடாது. இரண்டு ஸ்லைட் பின்னையும் உருவிப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும்: நல்ல பின் விரலால் தள்ள நழுவும், கெட்டது முறுக்கினாலும் வராது. பழைய கிறீஸைத் துணியாலும் பிரேக் கிளீனராலும் முழுக்கத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கன் கிறீஸை மெல்லியதாகப் பூசுங்கள். பெயாரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸ் ரப்பர் உறையை ஊதவைத்து, ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். இரண்டு பின்னும் ஒரே மாதிரி இல்லாமல் இருக்கலாம், இடம் மாற்றிப் போடாதீர்கள்.

பேட் உட்காரும் தகட்டுக் கிளிப்புகளைக் கழற்றி, அவற்றுக்குக் கீழே இருக்கும் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். முழு வேலையிலும் இதுதான் முக்கியமான இடம், அவசரப்படுகிறவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். பேட்டைத் திரும்பப் போட்டால் கை விரலால் முன்பின் அசைய வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறதென்றால் இன்னும் துரு இருக்கிறது. பேட்டின் நுனிகளிலும் முதுகிலும் துளி கிறீஸ் போதும்; பேட்டின் உரசும் முகத்தில் பட்டுவிடக் கூடாது. டிஸ்க்கின் விளிம்பில் துரு வரம்பு எழும்பியிருந்தால் அரத்தால் அதைத் தட்டையாக்குங்கள்.

பூட்டி முடித்ததும், காரை அசைப்பதற்கு முன் பெடல் இறுகும்வரை பல தரம் மிதியுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பராமரிப்பு நிலையில் இருந்து வெளியே கொண்டுவந்து, போட்டு எடுத்துப் பாருங்கள். புதுப் பேட் போட்டிருந்தால் மேலே சொன்ன வாகரை வீதி ஓட்டம் அவசியம்.

எப்போது செய்வது, எப்படிக் கேட்பது

வடகீழ்ப் பருவ மழை தொடங்குவதற்கு முன், செப்டெம்பர் அல்லது ஒக்டோபரில் ஒரு தரம் இந்தத் துடைப்பு. கடலில் இருந்து மூன்று நான்கு கி.மீ.க்குள் இருப்பவர்கள் மாரி முடிந்து மாசியிலும் ஒரு தரம் பார்ப்பது நல்லது. அம்பாறை நகர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒன்று போதும். பிரேக் ஒயிலைப் பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள், பேட் தேயவில்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்; ஒயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கிரான் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடுகிற காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீருக்குள் ஓடியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் நாலு சில்லுக்கும் உட்பக்கமாக நல்ல தண்ணீர் அடித்துவிட்டு, ஒரு சுற்று ஓடிக் காயவையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் துரு குறைவு, தூசிதான் அதிகம்.

கராஜுக்குப் போனால் "பேட் மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். சொன்னால் மாற்றிவிடுவார்கள், அது அவர்கள் பிழை அல்ல. "தம்பி, இடப்பக்கப் பின்சில்லு சூடாகுது, பிரேக் பிடிக்காமலே உரசுது. ஸ்லைட் பின்னைக் கழட்டிக் காட்டுங்க, கிளிப்புக்குக் கீழ துருவை எடுத்துவிடுங்க" என்று சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வசதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இல்லை என்றால், எவ்வளவு நல்ல பாஸாக (மெக்கானிக்காக) இருந்தாலும் அந்த வேலையை வேறு இடத்தில் கொடுங்கள்.

புதுப் பேட்டோ டிஸ்க்கோ தேவைப்பட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து ஆள் மூலம் எடுப்பிப்பதாக இருந்தால் மாடல் பெயரை மட்டும் சொன்னால் காணாது. சேசிஸ் இலக்கத்தைக் கொடுங்கள், பழைய பேட்டின் படத்தையும் அனுப்புங்கள். ஒரே பெயரில் ஓடும் லீஃப்களிலேயே வருடத்துக்கு வருடம் ஹேண்ட் பிரேக் அமைப்பு மாறியிருக்கிறது. பேட்டோடு கிளிப் செட்டும் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சில்லு நட்டுகளை ஒரு 100 கி.மீ. ஓடிய பிறகு டோர்க் ஸ்பேனரால் இன்னொரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.